இருவருக்கும் ஒரே வக்கீல்

வசதியான கணவனும் மனைவியும் சண்டை போடாமல் பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டால், பெரும்பாலும் இருவரும் ஒன்றாகவே உங்கள் அறைக்கு வருவார்கள். ஒரே காரில் வந்து இறங்குவார்கள். "எங்களுக்குள்ள தகராறு ஒண்ணும் இல்ல, நீங்க ஒருத்தரே ரெண்டு பேருக்கும் பாத்துடுங்க" என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஊரில் பேச்சு கிளம்பாது, செலவு குறையும், நமக்கும் வேலை சுலபம் என்று தோன்றும்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டுக் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்தவள் நான். உங்களைப் போல் புதிதாக வந்திருப்பவர்களுக்கு எதைச் சொல்லலாம் என்று யோசித்தால், ஜெயித்த வழக்கு எதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை. அப்படி ஒன்றாக வந்த ஒரு தம்பதிதான் வருகிறார்கள். அவர்கள் விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்த மூன்று நாட்களும் கூடவே வருகின்றன. பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

நான் கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில், ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். வக்கீலாகி வந்தபோது பக்கத்துக் கடைத்தெரு ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஆபீசுக்கு ஓர் அறை தேடி அலைந்தேன். பெண் வக்கீல் என்றால் போலீசும் அழுகையும் வாசலுக்கு வரும் என்று யாரும் இடம் கொடுக்கவில்லை. கொடுத்தவர் தண்டபாணி. அவர் கண்டக்டராக வேலையைத் தொடங்கி நான்கு பஸ்களுக்கு முதலாளியானவர். பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் அவருடைய புக்கிங் ஆபீஸ் இருந்தது. அதன் மாடியை எனக்குக் குறைந்த வாடகைக்கு விட்டார். "லைன்ல இருந்து படிச்சி வந்த பொண்ணு, நல்லா வரணும்" என்றார். பத்து வருடம் அந்த மாடியில் இருந்தேன். அவரை அண்ணா என்றும், அவர் மனைவி கோமளாவை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த தவறுகளில் பாதி அந்த மாடியில்தான் தொடங்கியது.

கோமளா அக்காவிடம் ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. வாங்கியது தண்டபாணிதான். வருமான வரிக்காக ஆடிட்டர் சொல்லி, மனைவி பெயரில் பத்திரம் பதிந்தார். ஆனால் அதை நடத்தியது அக்கா. சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தை வைத்துத்தான் அவர் காட்சி நேரத்தையே அமைத்தார். எந்தப் படம் மூன்று நாள் ஓடும், எது மூன்று வாரம் ஓடும் என்று போஸ்டரைப் பார்த்தே சொல்வார். குடியிருந்த பெரிய வீடும் அவர் பெயரில். பஸ்களும், பெங்களூருக்கு வெளியே வாங்கிப் போட்ட நான்கு ஏக்கர் நிலமும் தண்டபாணி பெயரில். ஒரே மகள், கல்யாணமாகி வெளிநாட்டில் இருந்தாள்.

தங்கச் சுரங்கம் மூடப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒருநாள் காலையில் இருவரும் மாடி ஏறி வந்தார்கள்.

"வக்கீலம்மா, நாங்க பிரிஞ்சிடலாம்னு இருக்கோம்" என்றார் தண்டபாணி, பஸ் டைம் மாறிவிட்டது என்று சொல்வது போல.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். "அவரு பெங்களூர்ல வீடு எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. நான் இங்க இருக்கேன். அவருக்கு அங்க போவணும், எனக்கு இங்க இருக்கணும். இருபத்தி மூணு வருஷத்துல என்ன கேட்டு அவரு ஒரு முடிவுகூட எடுத்ததில்ல. இது ஒண்ணுதான் ரெண்டு பேரும் சேந்து எடுத்தது."

தண்டபாணி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"யாருக்கு எது?" என்று கேட்டேன்.

"அவ பேர்ல இருக்கறது அவளுக்கு. என் பேர்ல இருக்கறது எனக்கு. மேல ஒண்ணும் கேக்க மாட்டோம். நீங்களே ரெண்டு பேருக்கும் எழுதிடுங்க. ஆளுக்கு ஒரு வக்கீல்னு போனா நாளைக்கே மாரிகுப்பம் வரைக்கும் சேதி போய்டும்."

"நீங்க பொம்பள வக்கீல். அதான் உங்ககிட்டயே வந்தோம்" என்றார் அக்கா.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொத்தைக் கணவனுக்குப் பாதி மனைவிக்குப் பாதி என்று பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் கிடையாது. பத்திரம் யார் பெயரிலோ, சொத்து பெரும்பாலும் அவருக்கு. அதனால் பணக்காரர்கள் பிரியும்போது, வரிக்காக என்றோ யாரோ எழுதிய ஒரு பெயர்தான் யார் வாழ்வார், யார் தவிப்பார் என்பதை முடிவு செய்கிறது. இருவரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்தில், மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு இருவரும் மறுபடியும் வந்து நீதிபதி முன் "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம்.

நான் சரி என்றேன். அது முதல் தவறு.

மனுவையும் ஒப்பந்தத்தையும் கோர்ட் வராந்தாவில் டைப் அடிக்கக் கொடுத்தேன். அங்கே ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஒருவர் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. நாங்கள் சட்டத்தைப் புத்தகத்தில் படித்தோம். அவர் இருபது வருடம் எல்லோருடைய மனுவையும் டைப் அடித்தே கற்றுக்கொண்டவர். பாதியில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, சொத்து கேஸ்ல 'மூலப் பத்திரங்கள் ஒப்படைக்கப்பட்டன'ன்னு ஒரு வரி எப்பவும் வருமே. இதுல காணமே?"

"அவங்க வீட்டு பீரோவுலதான் இருக்கும் ஆன்ட்டி. தெரிஞ்சவங்க."

"பாத்தியா?"

"ஜெராக்ஸ் பாத்தேன். வில்லங்கச் சான்றும் போட்டுட்டேன், சுத்தமா இருக்கு."

ஆன்ட்டி தோளைக் குலுக்கிவிட்டு மேலே டைப் அடித்தார். வில்லங்கச் சான்று சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பத்திரத்தை வங்கியில் கொடுத்துவிட்டுக் கடன் வாங்கினால், பதிவு அலுவலகத்தில் அது ஏறாமலே போகலாம். எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் விஷயத்தில் மட்டும் அது மறந்துபோனது.

மனு தாக்கலாயிற்று. நீதிபதி இருவரையும் தனித்தனியே கேட்டார். கூட்டம் இல்லை, பேச்சு இல்லை. காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அந்த ஆறு மாதத்துக்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மூடப் போகிறார்கள் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால் யாரும் நம்பவில்லை. ஒருநாள் நிஜமாகவே மூடினார்கள். அதற்கு முன்பே ஆளைக் குறைத்துக்கொண்டு வந்ததில் தியேட்டருக்குக் கூட்டம் குறைந்திருந்தது. இப்போது மாலைக் காட்சிக்கே முன் பெஞ்சுகள் காலி. ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் கடனுக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தினார்கள். வங்கிகள் ஒவ்வொரு கடன் கோப்பாக எடுத்துப் புரட்டத் தொடங்கின.

இரண்டாவது விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு திங்கட்கிழமை தண்டபாணி தனியாக மாடிக்கு வந்தார். கதவைச் சாத்தினார். ஒரு கடிதத்தை மேஜையில் வைத்தார்.

அவர் கடைசியாக வாங்கிய இரண்டு பஸ்களும் வங்கிக் கடனில் வந்தவை. நான்கு வருடத்துக்கு முன் வாங்கியவை. ஈடாகக் கொடுத்திருந்தது தியேட்டர் பத்திரம். கோமளா அக்கா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். சுரங்கம் மூடியதும் வங்கி பயந்துபோய், இன்னும் ஈடு கொடுங்கள் அல்லது பாதிக் கடனையாவது உடனே கட்டுங்கள் என்று எழுதியிருந்தது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ எத்த படிச்சி கையெழுத்துப் போட்டா? இன்கம்டாக்ஸ் பேப்பரோட சேத்து வெச்சேன், போட்டா."

"அண்ணா, அந்தத் தியேட்டர்தான் அவங்களுக்குன்னு எழுதியிருக்கோம்."

"நான் ஏமாத்தறவனா வக்கீலம்மா? உங்களுக்குத் தெரியாதா? நிலத்துக்கு ஆள் பாத்துக்கினு இருக்கேன். வித்ததும் கடன கட்டிடறேன், பத்திரம் அவ கைக்குப் போய்டும். இப்ப சொன்னா பயந்துடுவா, கோர்ட்ல மாத்திப் பேசுவா. ஆறு மாசம் காத்தது வீணாயிடும். ஆர்டர் ஆவட்டும், மறுநாளே நானே சொல்றேன். வக்கீல்கிட்ட சொன்னது வெளிய போவாதுன்னுதான் உங்ககிட்ட சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். சிக்கலே அதில்தான் இருந்தது. கெட்டவர் என்றால் முடிவெடுப்பது சுலபம். நல்லவர், அவசரத்தில் இருப்பவர், நமக்கு உதவியவர், நம் தலைக்கு மேல் கூரை கொடுத்தவர் என்றால் அவர் சொல்லும் காரணம் நமக்கு நியாயமாகவே கேட்கும். ஆனால் கடன் கட்டுவது அவர் நினைப்பில் இருந்த காரியம். பத்திரம் இருந்தது வங்கியில். கணவனும் மனைவியும் தங்களுக்குள் எதை எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நிலம் விற்காமல் போனால் தியேட்டர் ஏலத்துக்கு வரும். தீர்ப்பு ஆன பிறகு என்றால் அக்கா கையில் பிடித்து நிறுத்த எதுவுமே இருக்காது.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெங்களூரில் இருந்த என் சீனியருக்குப் போன் செய்தேன். அவரிடம்தான் தொழில் கற்றேன். அதிகம் பேசாத மனிதர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவர் உன்னை நம்பிச் சொன்னதை நீ அந்தம்மாகிட்ட சொல்ல முடியாது. அந்தம்மாவுக்கும் நீதான் வக்கீல், அதனால மறைக்கவும் முடியாது. ரெண்டு பேர் ஃபைலையும் எடுத்தப்பவே இந்த நாளை நீயே வரவழைச்சாச்சு. இப்ப ரெண்டு பேர் கேஸையும் விட்டுட்டு ஃபைலைக் கீழ வை. இன்னைக்கே வை."

"வெச்சா காரணம் கேப்பாங்க சார்."

"கேக்கட்டும்" என்றார்.

நான் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு ஒரு வழக்கு இருந்தது. புதன்கிழமை தலைவலி. இரண்டு நாளில் தண்டபாணியே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவரிடம் மறுபடி பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மாடியைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்றும் நினைத்தேன். கடைசியில் சொன்னதுதான் உண்மையான காரணம். மற்றவை எல்லாம் அதன்மேல் போர்த்திய துணி.

வியாழக்கிழமை மதியம் கோமளா அக்கா வந்தார். கையில் சுருட்டிய காகிதம். மேஜைமேல் விரித்து, நாலு மூலைக்கும் என் புத்தகங்களை வைத்தார். மேஸ்திரி ஒருவர் பென்சிலில் போட்ட வரைபடம் அது.

"இனிமே படம் பாக்க யார் வருவாங்க வக்கீலம்மா? ஆனா பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ணாம இருப்பாங்களா? தியேட்டர கல்யாண மண்டபமா மாத்தப் போறேன். பாருங்க, ஸ்கிரீன் இருக்கற எடத்துல மேடை. பின்னாடி சமையலுக்கு. சாய்வா இருக்கற தரைய மட்டம் பண்றதுதான் பெரிய செலவு. மத்ததெல்லாம் இருக்குது."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் இவர் ஒருவர்தான் அடுத்தது என்ன என்று கணக்குப் போட்டிருந்தார்.

"நல்ல யோசனை அக்கா" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"ஒரு பேங்க்ல பேசிட்டேன். மேனேஜர் தியேட்டரோட ஒரிஜினல் பத்திரம் கேக்கறாரு. பீரோவுல தேடினேன், இல்ல. அவரு லாக்கர்லதான் இருக்கும். நான் கேட்டா அதுக்கு ஒரு பேச்சு வரும். நீங்க கேட்டு வாங்கிக் குடுங்க."

அதுவரை நான் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். இப்போது "வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் அது பொய். சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நான் மூன்று நாளாக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அது ஒரு மேஜை அகலம்கூட இல்லை.

"உட்காருங்க அக்கா" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய்க் கீழே பார்த்து, "அண்ணா, கொஞ்சம் மேல வாங்க" என்று கூப்பிட்டேன்.

தண்டபாணி வந்தார். விரித்திருந்த காகிதத்தையும் மனைவியையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, திங்கட்கிழமை நீங்க என்கிட்ட சொன்னத நான் அக்காகிட்ட சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும். இப்பவே சொல்லணும். சொல்ல மாட்டேன்னா, ரெண்டு பேர் கேஸையும் இந்த நிமிஷமே நான் திருப்பிக் குடுத்துடறேன். அக்கா ஏன்னு கேப்பாங்க. அப்பவும் நீங்கதான் பதில் சொல்லணும்."

கீழே ஒரு பஸ் கிளம்பும் சத்தம். கண்டக்டர் "கோலார், கோலார்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க?" என்றார் அக்கா.

தண்டபாணி சொன்னார். நின்றபடியே, சுவரைப் பார்த்து. சுருக்கமாகச் சொன்னார், எதையும் விடவில்லை. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என் கையெழுத்தா?"

"நீதான் போட்ட."

"இன்னான்னு சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நீயும் கேக்கல."

அக்கா விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தார். "ஆமா. நான் கேக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் கோர்ட்ல நான் சரின்னு சொல்லாட்டா இன்னா ஆவும்?"

"விவாகரத்து கிடைக்காது. மனு போட்டதுல இருந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி எப்ப வேணும்னாலும் வரலாம். இது சட்டத்துல எல்லாருக்கும் எழுதியிருக்கறது. அதனால ரெண்டு பேர் முன்னாடியும் சொல்றேன். இதுக்கு மேல நான் உங்க ரெண்டு பேருக்கும் வக்கீல் இல்ல. ஆளுக்கு ஒருத்தரப் பாத்துக்கோங்க."

அக்கா புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு படி இறங்கினார். தண்டபாணி அங்கேயே நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

"மாடி எனக்கு வேணும் வக்கீலம்மா. மாசக் கடைசிக்குள்ள பாருங்க" என்றார். குரல் சாதாரணமாகவே இருந்தது.

மாசக் கடைசியில் காலி செய்தேன். ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு ஆபீஸ் கிடையாது. கோர்ட் வராந்தாவில் ஆன்ட்டி தன் மேஜையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். அந்த ஜெராக்ஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஒப்பந்தம் டைப் அடிக்கும்போது மட்டும், நான் சொல்லாமலே மூலப் பத்திரம் பற்றிய அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்.

இரண்டாவது விசாரணை அன்று கோமளா அக்கா அவகாசம் கேட்டார். கோலாரிலிருந்து ஒரு வக்கீலை வைத்துக்கொண்டார். தண்டபாணியும் வேறு ஒருவரை வைத்தார். பிறகு நடந்ததை அந்த இரண்டு வக்கீல்களும் பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன். எல்லோரும் அக்கா அந்த நான்கு ஏக்கர் நிலத்தில் பாதி கேட்பார் என்று நினைத்தார்கள். தண்டபாணியும் அதற்குத் தயாராக இருந்தார். அக்கா நிலத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

"நாலு பஸ்ஸையும் குடுத்துடட்டும்" என்றாராம். "கடன் என் தியேட்டர் மேல நிக்குது. அந்தக் கடன்ல ஓடற பஸ் அவருகிட்ட இன்னாத்துக்கு? பஸ்ஸும் எனக்கு, கடனும் எனக்கு."

தண்டபாணி ஆடிப்போய்விட்டார். "நிலம் முழுசும் வேணும்னாலும் எடுத்துக்கட்டும். பஸ்ஸ கேக்கக் கூடாது" என்றார். கண்டக்டர் பையோடு தொடங்கியவர் அல்லவா? பஸ் போனால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. பல மாதம் இழுத்தது. இதற்கிடையில் நிலத்துக்கு ஆள் வந்தது. அவசரத்தில் இருப்பது தெரிந்து, பாதி விலைக்குக் கேட்டார்கள். அந்த விலைக்கு விற்றால் கடனை அடைக்கலாம், மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. பஸ்ஸைக் கொடுத்தால் கடன் போகும், நிலம் தங்கும். அக்காவின் வக்கீல் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அதை எழுதிக் கொடுத்ததே அக்காதான் என்று பிறகு தெரிந்தது.

பஸ்ஸில் அக்கா இன்னொன்றையும் பார்த்திருந்தார். சுரங்கத்தில் வேலை போன வீடுகளிலிருந்து பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். விடிகாலை ரயிலில் நிற்க இடம் இல்லை. இனி இந்த ஊரில் தினமும் நடக்கப்போவது போக்குவரத்துதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். தண்டபாணி அதை யோசிக்கவில்லை. அவர் மனம் பெங்களூருக்குப் போய்விட்டதால், இங்கிருந்து தினமும் அங்கே போய் வரப்போகிறவர்கள் அவர் கண்ணில் படவில்லை.

ஒருவழியாகச் சம்மதித்தார். வங்கி ஒப்புக்கொண்டு கடனை அக்கா பெயருக்கு மாற்றியது. பர்மிட் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்னும் சில வாரம் போயிற்று. எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகே அக்கா கோர்ட்டுக்கு வந்து சம்மதம் சொன்னார். அந்த வருடக் கடைசியில் தீர்ப்பு ஆயிற்று.

அன்று நான் வராந்தாவில் ஆன்ட்டி மேஜையில்தான் இருந்தேன். இருவரும் வெளியே வந்தார்கள். வக்கீல்கள் போய்விட்டார்கள். தண்டபாணி தூணோரம் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அக்காவிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். காதில் விழுந்தது.

"டிரைவர் சின்னப்பனுக்கு ராத்திரியில கண்ணு சரியா தெரியாது. காலை வண்டி மட்டும் குடு. மூணாம் நம்பர் வண்டிக்கு பிரேக் அடிக்கடி பாரு. அந்த முல்பாகல் கண்டக்டரு நல்லவன், ஆனா முன்பணம் கேப்பான், குடுக்காத. குடுத்தா வேலைக்கி வரமாட்டான்."

அக்கா பேனா கேட்டார். ஆன்ட்டி தன் பேனாவை நீட்டினார். அக்கா அந்தத் தாளை வாங்கி அதன் பின்பக்கமே எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கேள்வி கேட்டார். டீசல் யாரிடம் போடுவது, ஸ்பேர் எங்கே வாங்குவது, எந்த ஊரில் நிறுத்தக் கூடாது. அரைமணி நேரம் இருக்கும். முடிந்ததும் தண்டபாணி தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். என் பக்கம் பார்க்கவில்லை.

அந்த வருடத்துக்குப் பிறகு, தம்பதியாக யார் ஒன்றாக வந்தாலும் நான் செய்தது ஒன்றுதான். ஒருவரை மட்டும் உட்காரச் சொல்லிவிட்டு, மற்றவர் கையில் வேறு வக்கீல் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்புவேன். கோபித்துக்கொண்டு இருவரும் எழுந்து போனதும் உண்டு. போகட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடன், ஜாமீன் எதிலாவது கையெழுத்து இருக்கிறதா என்று இருவரையும் தனித்தனியே கேளுங்கள். தெரிந்தவர்கள் என்றால் இரண்டு முறை கேளுங்கள். இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும்.

சொல்லிக் கொடுத்தாலும் வராத ஒன்று இருக்கிறது. தண்டபாணியின் கார் போன பிறகு அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுக்க மேஜைக்கு வந்தார்.

"வக்கீலம்மா, ஒண்ணு கேக்கறேன். அவரு உங்ககிட்ட சொன்னது திங்கக்கெழம. நான் வந்தது வியாழக்கெழம."

"ஆமா அக்கா."

"பத்திரம் கேட்டு நான் வராம இருந்திருந்தா?"

சொல்லியிருப்பேன் என்று வாய்வரை வந்தது. அப்படித்தான் எனக்கு நானே பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியல அக்கா" என்றேன்.

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். எழுதிய தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். "வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.